ஐந்து முறை திரும்பி வரும் வீரன்: பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் இந்திரசித்து

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் ஆண்டுதோறும் நடக்கும் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தை இரவு இரவாக விரித்துக் காட்டும் நிழற்கூத்து. தை மாதம் தொடங்கிக் கோடை முடியும்வரை, கோயிலின் வழக்கத்தைப் பொறுத்து 7, 14, 21, 41 இரவுகள் என்று இது நீளும். 71 இரவுகள் நடத்தும் வழக்கமும் உண்டு. கதையின் பெரும்பங்கு போர். அந்தப் போரில் கும்பகருணன் ஒரே நாள் களத்துக்கு வந்து மாள்கிறான். இராவணனின் மகன் இந்திரசித்து அப்படியல்ல. அவன் திரும்பத் திரும்ப வருகிறான். ஒவ்வொரு வருகையிலும் வேறு படைக்கலம், வேறு மனநிலை, வேறு விளைவு. ஒரு போர்வீரப் பாத்திரம் பகுதிக்குப் பகுதி எப்படி மாறுகிறது, ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கும் நூலிலிருந்து கூத்துக்கும் போகும்போது எப்படி மாறுகிறது என்ற இரண்டையும் ஒருசேரக் காட்டும் பாத்திரம் அவன்.

தமிழ் வந்த வழி

மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் உள்ள அகன்ற இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டையும் கேரளத்தையும் இணைத்த இந்த வழியாக வணிகர்களும் நெசவாளர்களும் வேளாளர்களும் பல நூற்றாண்டுகளாக மேற்கே சென்று குடியேறினர். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை உயர்ந்து மூணாறு மலைகளோடு சேர்கிறது. மூணாற்றுத் தோட்டங்களின் தமிழ், 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் ஐரோப்பியர் கைக்குச் சென்ற பின், தொழிலாளர்களோடு ஏறிய தமிழ். பாலக்காட்டுத் தமிழ் அதைவிட மிகப் பழையது. அது கூலிக்கு வந்தவர்களின் பேச்சாக மட்டும் இல்லாமல் கோயில், கல்வி, கலை ஆகியவற்றின் மொழியாகவும் வேரூன்றியது.

கம்பனின் காவியம் இந்தக் கணவாயைக் கடந்து பாலக்காட்டுக்கு வந்து கூத்து நூலாயிற்று. வெள்ளாளச் செட்டி மரபில் பிறந்த சின்னத்தம்பி வாத்தியார் இதை அமைத்தார் என்பது கலைஞர்கள் சொல்லிவரும் வரலாறு. பின்னர் நாயர் குடும்பங்களும் இந்தக் கலையில் தேர்ந்தன. கூத்தை நடத்துபவருக்குப் பட்டம் ‘புலவர்’. அவர் பாவையை ஆட்டினால் மட்டும் போதாது. கம்பன் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி, பொருள் விரித்து, எதிரே நிற்பவர் எழுப்பும் கேள்விக்கு விடையும் சொல்ல வேண்டும். பாடலும் உரையும் சேர்ந்த அவருடைய நூலுக்கு ஆடல்பற்று என்று பெயர். பாடல்கள் தமிழ், அவற்றை உச்சரிக்கும் முறையில் மலையாளத்தின் சாயல் உண்டு. உரை தமிழும் மலையாளமும் வடசொல்லும் கலந்த நடையில் இருக்கும்.

கூத்துமாடம்

கூத்துக்கென்று கோயில் வளாகத்தில் நிலையாகக் கட்டப்பட்ட அரங்கு கூத்துமாடம். அது பகவதியின் சன்னிதியை நோக்கி இருக்கும். சோரனூருக்கு அருகே கவளப்பாறை ஆரியங்காவு, ஒற்றப்பாலத்துக்கு அருகே சினக்கத்தூர் ஆகிய கோயில்கள் இந்தக் கூத்துக்குப் பேர்பெற்றவை. மாடத்தின் முகப்பில் நீண்ட திரை கட்டப்படும். மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. திரைக்குப் பின்னே ஒரு மரச்சட்டத்தின் மேல் 21 விளக்குகள் வரிசையாக எரியும். சன்னிதியிலிருந்து கொண்டுவரப்படும் தீயால்தான் அவை ஏற்றப்படுகின்றன.

இந்தக் கூத்தின் முதல் பார்வையாளர் பகவதியே. இராமன் இராவணனோடு போரிட்ட காலத்தில் பகவதியாகிய பத்திரகாளி தாருகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இலங்கைப் போரைக் காணவில்லை. அவள் காண்பதற்காகச் சிவன் ஏற்படுத்தியதே இந்தக் கூத்து என்பது ஐதிகம். நள்ளிரவுக்குப் பின் மாடத்தின் முன்னே ஆள் இல்லாமல் போனாலும் கூத்து நிற்பதில்லை, சுருங்குவதும் இல்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் ஆய்வாளர் இந்தக் கூத்தைப் பற்றி 1996-இல் வெளியிட்ட ஆங்கில நூல், மனிதப் பார்வையாளர் இல்லாமலே நடக்கும் இந்த இயல்பை விரிவாக ஆராய்கிறது.

இந்த இயல்பு பாத்திரங்களின் அமைப்பையும் தீர்மானித்தது. கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் புலவருக்கு இல்லை. எனவே போர்க் காட்சிகளை விரைவாக முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டியதும் இல்லை. ஒரு வீரன் களம் புகுமுன் தந்தையோடு பேசும் பேச்சே பல மணி நேரம் நீளலாம். இந்திரசித்து போன்ற பாத்திரம் வளர்வதற்கு இதைவிட ஏற்ற நிலம் இல்லை.

வால்மீகியிலிருந்து கம்பனுக்கு

கூத்தில் இந்திரசித்து பெற்றுள்ள வடிவத்துக்கு அடிப்படை கம்பன் செய்த மாற்றங்கள். வால்மீகியின் யுத்த காண்டத்தில் நாகபாச நிகழ்ச்சி போரின் தொடக்கத்திலேயே, கும்பகருணன் எழுப்பப்படுவதற்கு முன்பே வருகிறது. உருவம் மறைத்துப் போரிடும் இந்திரசித்து இராமன், இலக்குவன் இருவரையுமே அம்புப் பாம்புகளால் கட்டி வீழ்த்துகிறான். அங்கே அவன் மாயம் வல்ல ஒரு கொடிய எதிரி.

கம்பன் அந்த நிகழ்ச்சியை இடம் மாற்றினான். கம்பராமாயணத்தில் முதலில் கும்பகருணன் மாள்கிறான். பின் இந்திரசித்தின் தம்பி அதிகாயன் இலக்குவன் கையால் மாள்கிறான். அதற்கு அடுத்துத்தான் நாகபாசப் படலம். ஆகவே இந்திரசித்து இங்கே தம்பியைப் பறிகொடுத்த அண்ணனாகக் களம் புகுகிறான். அவன் இலக்காகக் கொள்வது தம்பியைக் கொன்ற இலக்குவனை. நாகபாசத்தில் கட்டுண்பவர்கள் இலக்குவனும் வானரப் படையும். இராமன் பின்னர் வந்து தம்பியின் நிலை கண்டு கலங்குகிறான். கருடன் வந்து கட்டை அவிழ்க்கிறான். ஒரே நிகழ்ச்சி இடம் மாறியதால் அதன் பொருளும் மாறிவிட்டது. தம்பியை இழந்த ஒருவன், இன்னொருவனுக்குத் தம்பி இழப்பின் வலியை உணர்த்துகிறான்.

கம்பனில் இந்திரசித்தின் வருகைகளை ஐந்தாகப் பிரிக்கலாம். முதலாவது சுந்தர காண்டத்தில். தம்பி அக்ககுமாரன் அனுமனால் கொல்லப்பட்டபின் அவன் வந்து அயன் படையால் அனுமனைக் கட்டுகிறான். இந்த முதல் வருகையில் அவன் வெற்றி வீரன். இந்திரனை வென்ற புகழ் கறைபடாமல் இருக்கிறது. இரண்டாவது நாகபாசம். இங்கும் வெற்றிதான், ஆனால் கருடன் வரவால் அது பறிபோகிறது. மூன்றாவது பிரமாத்திரம். படைக்கலங்களுக்குப் பூசை செய்ய இராமன் விலகியிருக்கும் வேளையில் இலக்குவனும் படையும் வீழ்கிறார்கள். சாம்பவன் சொற்படி அனுமன் மருந்து மலையைக் கொண்டுவர எல்லாரும் உயிர் பெறுகிறார்கள். நான்காவது மாயாசீதை. சீதையைப் போன்ற ஓர் உருவத்தை அனுமன் கண்முன் வெட்டிவிட்டு, அயோத்தி மேல் செல்வதாகச் சொல்லிப் போக்குக் காட்டி, நிகும்பலையில் வேள்வி செய்யப் போகிறான். ஐந்தாவது, அந்த வேள்வி குலைந்தபின் நடக்கும் இறுதிப் போர்.

இந்த ஐந்திலும் ஒரு சரிவு தெரிகிறது. முதல் முறை தெய்வப் படைக்கலத்தால் கறையின்றி வென்றவனுக்கு, பின்னர் அத்தகைய படைக்கலங்களின் வெற்றி நிலைப்பதில்லை. அவை பலிக்காமற்போனபின் வஞ்சனையையும் வேள்வியையும் சார்கிறான். அந்தச் சரிவின் முடிவில் கம்பன் அவனை மறுபடியும் உயர்த்துகிறான். வேள்வி அழிந்து காயத்தோடு இலங்கைக்குத் திரும்பும் இந்திரசித்து, சீதைமேல் வைத்த ஆசையை விடும்படி தந்தையிடம் வேண்டுகிறான். அச்சத்தால் சொல்வதாக எண்ண வேண்டாம் என்றும் சொல்கிறான். இராவணன் மறுக்கிறான். முடிவு தெரிந்தே இந்திரசித்து தேர் ஏறுகிறான். வால்மீகியில் இந்த அறிவுரை இல்லை. கம்பனின் கும்பகருணனும் இதே வகையினன். அண்ணன் செய்தது தவறென்று இடித்துரைத்துவிட்டு, செஞ்சோற்றுக் கடன் தீர்க்கக் களம் சென்றவன். இலங்கையின் இரு பெரும் வீரர்களையும் தங்கள் பக்கம் பிழையென்று அறிந்தே போரிட்டவர்களாகக் கம்பன் படைத்தான்.

தோலில் வீரன்

கம்பன் சொல்லால் செய்ததைக் கூத்து தோலால் செய்தது. பாவைகள் முற்காலத்தில் மான் தோலில் வெட்டப்பட்டன. 1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் புதிய பாவைகளுக்கு ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் பயன்படுகின்றன. தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து, சிற்றுளிகளால் நுண்ணிய துளைகள் இடுவார்கள். விளக்கொளி அந்தத் துளைகளின் வழியே புகுந்து அணிகலன்களையும் ஆடை மடிப்பையும் திரையில் ஒளிப் புள்ளிகளாகக் காட்டும். ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டத்திலும் தமிழகத்தின் தோற்பாவைக் கூத்திலும் ஒளி ஊடுருவும் மெல்லிய தோலில் வண்ணமே முதன்மை. பாலக்காட்டில் உருவத்தின் வெளிக்கோடும் துளைகளின் வேலைப்பாடுமே முதன்மை.

இங்கே முதன்மைப் பாத்திரங்களுக்குப் பாவை ஒன்று மட்டும் இல்லை. வீற்றிருப்பது, நிற்பது, நடப்பது, போரிடுவது என நிலைக்கு ஒரு பாவை செய்து வைத்திருப்பார்கள். பெரும்பாலான பாவைகளில் அசைவது ஒரு கை மட்டுமே; எனவே ஒரே பாவையால் எல்லா நிலைகளையும் காட்டிவிட முடியாது. பாத்திரத்தின் நிலை மாறும்போது பாவையே மாறுகிறது. தந்தையின் அவையில் பேசுபவனும் களத்தில் வில் வளைப்பவனும் ஒருவனே என்பதைப் பாடலும் குரலும்தான் உறுதிப்படுத்துகின்றன.

அவைக் காட்சிகளில் பாவைகளை முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிடுவார்கள். அசையாத அந்த உருவங்களின் பின்னே நின்று புலவர்கள் விவாதத்தை நடத்துவார்கள். போர் தொடங்கியதும் போர்ப் பாவைகள் கைக்கு வரும். அம்புகள் திரையில் பறக்கும். பறையும் தாளமும் விரையும். குங்கிலியப் பொடியை விளக்கில் வீசும்போது தீ திடீரென்று எழுந்து திரை முழுதும் பளிச்சிடும். இவ்வாறு இந்திரசித்தின் ஒவ்வொரு வருகையும் இரண்டு பாதியாக அமைகிறது: அசையாத உருவம் நீளமாகப் பேசும் பாதி ஒன்று, பேச்சு குறைந்து உருவம் சுழலும் பாதி மற்றொன்று. முதல் பாதியே எப்போதும் நீண்டது.

உரையில் வளர்ந்த பாத்திரம்

கம்பனின் பாடல்களை ஓரளவு மாற்றங்களோடு புலவர்கள் போற்றிக் காத்தனர். பாத்திரங்களை அவர்கள் வளர்த்த இடம் உரை. காவியத்தில் பெரும்பாலான பாடல்கள் கவிஞன் கூற்றாக உள்ளன. நிகழ்ந்ததை அவன் படர்க்கையில் சொல்கிறான். கூத்தில் அந்தப் பாடல்கள் பாத்திரங்களின் உரையாடலாக மாறுகின்றன. ஒரு புலவர் பாடலைச் சொல்லிப் பொருள் விரிக்க, மற்றொரு புலவர் எதிர்ப் பாத்திரமாகக் கேள்வி கேட்பார். இந்த மாற்றத்தைப் பிளாக்பர்ன் தம் நூலின் மைய முடிவுகளில் ஒன்றாக முன்வைக்கிறார். ஒரே குரலில் அமைந்த காவியம் பல குரல்களின் உரையாடலானபோது, இராமனின் எதிரிகளுக்கும் தம் நியாயத்தைத் தாமே சொல்லும் வாய்ப்புக் கிடைத்தது.

இதன் விளைவு இராமன் பக்கத்தையும் தொட்டது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் கதை இதற்குச் சான்று. வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத இந்தக் கதை கூத்தில் உண்டு. காட்டில் தவம் செய்துகொண்டிருந்த சம்புகுமாரனை இலக்குவன் அறியாமல் வெட்டிவிடுகிறான். சமண இராமாயணங்களில் பழங்காலம் தொட்டே உள்ள செய்தி இது. இதைச் சூர்ப்பணகை வருகைக்கு முன் வைத்ததால், அவள் காமத்தால் வந்தவள் மட்டுமல்ல, மகனை இழந்த தாயும் ஆகிறாள். பெரும்பாலான கோயில்களில் கூத்து பஞ்சவடியிலிருந்தே தொடங்குவதால், இந்தக் கொலை கதையின் வாயிலிலேயே நிற்கிறது. பின்னால் இலங்கையில் நடக்கும் இறப்புகள் எல்லாம் இந்த முதல் இறப்போடு சேர்த்து எண்ணப்படுகின்றன. இந்திரசித்தின் துயரமும் அந்த வரிசையில் ஒன்று: அக்ககுமாரன், சிற்றப்பன் கும்பகருணன், அதிகாயன் என அடுத்தடுத்து உறவை இழந்தவன் அவன்.

பாத்திரத்தின் முன்கதை சேர்வதும் உரையில்தான். இந்திரனை வென்ற வரலாறு, மேகநாதன் என்ற பிறப்புப் பெயர், பெற்ற வரங்கள், படைக்கலங்கள் வந்த வழி ஆகியவற்றைப் புலவர் தம் கல்விக்கு ஏற்ப எடுத்துரைக்கலாம். ஆகவே ஒரே ஆடல்பற்றைப் பயின்ற இரு புலவர்களின் இந்திரசித்து முற்றும் ஒன்றாக இருப்பதில்லை. பாடல் இருவரையும் ஒரே பாதையில் வைத்திருக்கிறது. உரை அவரவர் பாத்திரத்தை உருவாக்குகிறது.

பிற மரபுகளும் இன்றைய விளையாட்டுகளும்

ஒரு வீரனைப் பல வடிவங்களில் வைத்திருப்பது பாலக்காட்டுக்கு மட்டும் உரியதல்ல. சாவகத்தின் வயாங் குலித் நிழற்கூத்தில் அருச்சுனன், வீமன் போன்ற பாத்திரங்களுக்கு மனநிலைக்கு ஏற்பப் பல பாவைகள் உண்டு. அந்த வேறுபாட்டை அங்கே ‘வாண்டா’ என்பர். முகத்தின் சாய்வு, உடலின் நிமிர்வு, நிறம் ஆகியவற்றில் உள்ள சிறு மாற்றங்களே அமைதியான அருச்சுனனையும் சினந்த அருச்சுனனையும் பிரிக்கின்றன. சாவகம் வேறுபாட்டை முகத்தில் வைத்தது. பாலக்காடு உடலின் நிலையில் வைத்தது. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்து வேறு வழியில் சென்றது. அங்கே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்கள் காவியத்தினுள் நுழைந்து வீரர்களின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. ஊர் ஊராகச் சென்று கூட்டம் சேர்க்க வேண்டிய கலைக்கு அது தேவைப்பட்டது. பகவதிக்கு முன் ஆடும் கூத்துக்கு அந்தத் தேவை இல்லை.

ஒரு வீரனைப் பல வடிவங்களில் காட்டும் இதே பணியை இன்றைய கணினிச் சண்டை விளையாட்டுகளும் செய்கின்றன. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் தால்சிம் என்னும் இந்திய யோகி அறிமுகமானான். மொட்டைத் தலையோடு வந்தவன் 2016-இல் வெளியான ஐந்தாம் பாகத்தில் தாடியும் தலைப்பாகையுமாக வந்தான். நீண்டு செல்லும் கைகால்கள் மட்டும் மாறவில்லை. அடையாளம் தரும் ஒன்றை நிலையாக வைத்து மற்றவற்றை மாற்றுவதே திரும்பி வரும் வீரனைப் படைக்கும் முறை. தால்சிமுக்கு அந்த நிலைப்பொருள் உடல். பாலக்காட்டு இந்திரசித்துக்கு அது கம்பனின் பாடல்.

மாடத்துக்கு வெளியே

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூத்து கோயில் மாடத்தை விட்டு வெளியே வந்தது. சோரனூருக்கு அருகேயுள்ள கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதில் முன்னின்றார். பொது மேடைகளிலும் வெளிநாடுகளிலும் அவர் நடத்திக் காட்டியபின் இந்தக் கலைக்கு நாடறிந்த மதிப்புக் கிடைத்தது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. காந்தியின் வாழ்க்கை போன்ற புதிய கதைகளும் தோற்பாவைகளாயின. ஆண்கள் மட்டுமே நடத்திவந்த கலையில் பெண்கள் குழு உருவாகி, பெண்களின் வாழ்வைக் கருவாகக் கொண்ட கூத்தை மேடையேற்றியது. பாவையை இயந்திரக் கைகளால் இயக்கும் முயற்சியும் நடந்தது.

இந்த வளர்ச்சி கலைக்கு உயிர் கொடுத்தது. ஆனால் பாத்திரங்களின் அமைப்பை அது தலைகீழாக்கியது. மேடைக் காட்சி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முழு இராமாயணத்தையும் முடிக்க வேண்டும். 21 இரவுகளில் ஐந்து முறை வந்தவனுக்கு அங்கே ஐந்து வருகைகள் கிடையா. மேடையில் மிஞ்சுவது அம்பும் தீப்பளிச்சும் கொண்ட போர்ப்பாதி. சுருங்குவது தந்தையோடு வாதாடும் பேச்சுப்பாதி. அப்போது இந்திரசித்து வால்மீகியின் தொடக்கப் போரில் இருந்தது போலவே, மாயம் வல்ல எதிரியாக மட்டும் ஆகிவிடும் அபாயம் உண்டு. கம்பன் அவனுக்குக் கொடுத்ததும், புலவர்கள் உரையால் சேர்த்ததும் முழுமையாக வெளிப்படுவது நீண்ட இரவுகளில்தான்.

ஆரியங்காவிலும் சினக்கத்தூரிலும் பிற பகவதி கோயில்களிலும் அந்த நீண்ட கூத்து இன்றும் நடக்கிறது. அது தொடர்வதற்கு வேண்டியது கூட்டம் அல்ல. கம்பனின் யுத்த காண்டத்தை மனத்தில் கொண்டு, இந்திரசித்தின் பக்கம் நின்றும் இராவணனின் பக்கம் நின்றும் வாதாடத் தெரிந்த புலவர்கள். தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே, தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் குறைந்த ஊர்களில், அத்தகைய கல்வியைத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களே தாங்கி வந்துள்ளன. தோலில் வெட்டிய பாவையைப் புதிதாகச் செய்துகொள்ள முடியும். பாடலையும் உரையையும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும், பல ஆண்டுகள் இருந்து கற்கும் மாணவரும் உள்ள வரையில்தான் அந்தப் பாவை ஐந்து முறையும் ஐந்து வேறு மனிதனாகத் திரும்பி வர முடியும்.